பொக்கைவாய்ச் சிரிப்பை மரத்தில் கொண்டுவருவது எப்படி

எங்கள் வீட்டு நடையில் அப்பத்தாவின் மார்பளவுச் சிலை ஒன்று இருக்கிறது. குமிழ் மரம், 12 இஞ்ச் உயரம். பல் இல்லாத வாய், தோளைத் தொடுகிற காது, அதில் தண்டட்டி. வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு அவர்களும் சிரிக்கிறார்கள். அப்புறம் கிட்டே போய்க் குனிந்து, “கண்ணை எப்படிங்க இப்படிச் செதுக்கினீங்க?” என்று கேட்கிறார்கள்.

கண்ணைச் செதுக்கியது கடைசி நாள் சாயங்காலம், ஒரு மணி நேர வேலை. அதற்கு நாலு நாள் முன்பே, கண் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் குழி மட்டும் இருந்தபோதே, அப்பத்தா சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். முகபாவம் பெரிய மேடு பள்ளங்களிலேயே வந்துவிட வேண்டும். அங்கே வராத சிரிப்பை அப்புறம் கண்ணிலும் உதட்டிலும் கோடு போட்டு வரவழைக்க முடியாது. ஆள் முகத்தை மரத்தில் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

நான் தொழில் கற்றது பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூரில். 2020இல் புவிசார் குறியீடு கிடைத்த மரச்சிற்பம் அது. அங்கே பெரும்பாலும் சாமி சிலைகளும் வாகனங்களும்தான். சாமி முகத்துக்குக் கணக்கு உண்டு. நவதாளம் என்கிற அளவுமுறையில் முழு உருவம் 108 அங்குலம் என்றால் முகம் 12. அந்த 12ஐ மூன்றாகப் பிரித்தால் நெற்றி மயிரோரத்திலிருந்து புருவம் வரை 4, புருவத்திலிருந்து மூக்கு நுனி வரை 4, அங்கிருந்து மோவாய் வரை 4. இந்த அங்குலம் சிற்பத்துக்குள் இருக்கிற அளவு, டேப்பில் இருக்கிற இஞ்ச் இல்லை. சாமி முகத்தில் வலமும் இடமும் ஒன்றுபோல் இருக்கும். மனுஷ முகத்தையும் இந்தக் கணக்கில்தான் தொடங்குகிறேன். ஆனால் அந்த ஆள் எங்கெங்கே கணக்கை விட்டு விலகுகிறார் என்று பார்த்தால்தான் ஆள் கிடைப்பார்.

முதலில் முகத்தைப் படிக்க வேண்டும்

உயிரோடு இருக்கிறவர் என்றால் ஜன்னலோரம் உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நேராக ஒன்று, இரண்டு பக்கவாட்டிலும் ஒவ்வொன்று, முக்கால்வாசி திரும்பிய நிலையில் இரண்டு. கேமராவை அவர் கண் உயரத்தில் வையுங்கள். செல்போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், மூக்கு பெருத்துக் காது ஒடுங்கிவிடும். பத்தடி தள்ளி நின்று பெரிதாக்கி எடுத்தால் அளவு பொய் சொல்லாது.

அப்பத்தா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. கையில் இருந்தது ஒரு கல்யாண ஆல்பப் படமும் வாக்காளர் அட்டையும்தான். இரண்டிலும் அவள் சிரிக்கவில்லை. ஆனால் என் அத்தைக்கு அப்பத்தாவின் தாடை அப்படியே இருக்கிறது. ஒருநாள் மதியம் போய், “அத்தை, பல் செட்டைக் கழட்டிட்டு ஒரு தடவை சிரிங்க” என்றேன். “ஏண்டா, எங்காத்தாவைக் கொண்டாந்துருவியா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பின் மேலேயே கையை வைத்துத் தடவிப் பார்த்தேன். கன்னச் சதை உருண்டு மேலே ஏறியிருந்தது. அதன் அடியில், பல் இருந்த இடத்தில், விரல் உள்ளே போனது. கண்ணால் பத்து முறை பார்ப்பதைவிட ஒருமுறை தொட்டுப் பார்ப்பது மேல். தொட ஆள் இல்லையென்றால் கண்ணாடி முன்னால் நின்று அந்தப் பாவத்தை உங்கள் முகத்திலேயே வரவழைத்துத் தொட்டுப் பாருங்கள்.

சிரிக்கும்போது நடப்பது இதுதான். வாயோரம் இழுபட்டு மேலே போகிறது. கன்னம் திரண்டு மேலேறுகிறது. அது கீழிமையைத் தள்ளுகிறது, கண் சிறுக்கிறது. டுஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் முகத் தசைகளை மின்சாரத்தால் தூண்டிப் பார்த்து 1862இல் எழுதினார்: வாயை இழுக்கும் தசையை நினைத்தபோது இயக்கலாம், கண்ணைச் சுற்றியிருக்கும் தசை மனசார மகிழும்போதுதான் கூடச் சேரும் என்று. உளி பிடிக்கிறவனுக்கு இது பெரிய உதவி. வாயை மட்டும் வளைத்துவிட்டுக் கீழிமையை அப்படியே விட்டால், போட்டோவுக்குச் சிரிக்கிற முகம்தான் வரும்.

பல் போன முகத்துக்குத் தனிக் கணக்கு. கீழ்த்தாடை மேலே ஏறிவிடுவதால் மூக்குக்கும் மோவாய்க்கும் நடுவே தூரம் குறைகிறது. மற்ற இரண்டு பங்கும் 1½ இஞ்ச் என்றால் இந்தப் பங்கை 1¼க்கும் குறைவாக எடுத்துக்கொண்டேன். உதடு உள்ளே மடிகிறது, மோவாய் முன்னால் நீள்கிறது, வயதில் மூக்கு நுனி கொஞ்சம் தொங்குகிறது. மூக்கும் மோவாயும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதுபோல் ஆகும். இந்த ஒரு விஷயத்தைப் பக்கவாட்டுக் கோட்டில் சரியாகப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது.

இதையெல்லாம் ஒரு சாயங்காலம் குயவர் மண்ணில் பாதி அளவில் பிடித்துப் பாருங்கள். மண்ணில் தப்பினால் ஒட்டிக்கொள்ளலாம்.

மரம்

முதல் சிலைக்குக் குமிழ்தான் நல்லது. வெட்ட மெத்தென்று இருக்கும், காய்ந்தபின் அதிகம் முறுக்காது, வெளிர் நிறம் என்பதால் நிழல் விழுவது தெளிவாகத் தெரியும். எங்கள் பக்கத்துச் சிலைகளுக்கு வாகை நிறையப் போகும். அழகான மரம்தான், ஆனால் நார் மாறி மாறி ஓடும், தூள் தும்மலை வரவழைக்கும், துணி கட்டிக்கொள்ளாமல் வேலை செய்ய முடியாது. தேக்கு நேராக ஓடும், உளி முனையைச் சீக்கிரம் மழுக்கும். வேம்பை முகத்துக்கு நான் எடுப்பதில்லை.

எந்த மரமானாலும் வளையங்களின் நடுப்புள்ளி உங்கள் கட்டைக்குள் இருக்கக் கூடாது. நான் செய்த முதல் ஆள் முகம் வாகையில். நடுமரத்தோடு இருந்த உருண்டைக் கட்டை. விற்றவர் இரண்டு வருஷம் காய்ந்தது என்று சொன்னார், நானும் எடுத்துக்கொண்டேன். வேலை முடிந்து மூன்றாவது வாரம், சித்திரை வெயிலில், நெற்றியிலிருந்து கன்னம் வரை பிளந்துவிட்டது. விரல் நுழையும் அளவுக்கு. அந்த முகத்தில் இருபது நாள் உழைப்பு இருந்தது.

அதிலிருந்து யார் சொன்னாலும் எடைபோட்டுப் பார்க்கிறேன். கட்டையின் இரண்டு வெட்டுமுகத்திலும் பழைய பெயிண்டைப் பூசிவிட்டு, நிழலில் காற்றோட்டமாகச் செங்கல் மேல் வைத்து, வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை போட்டுச் சுவரில் எழுதிவையுங்கள். நாலைந்து வாரம் தொடர்ந்து எடை குறையாமல் நின்றால் காய்ந்துவிட்டது. அப்பத்தாவுக்கு எடுத்த கட்டை 7 இஞ்ச் அகலம், 7 இஞ்ச் ஆழம், 14 இஞ்ச் உயரம். அதில் அடியில் 2 இஞ்ச், வைஸில் பிடித்துக்கொள்வதற்கு மட்டும். கடைசியில் அறுத்துவிடுவது.

உளிகள்

ஐந்து போதும். ஒரு இஞ்ச் பட்டை உளி, அரை இஞ்ச் பட்டை உளி, வாய் லேசாக வளைந்த முக்கால் இஞ்ச் உளி, நன்றாகக் குழிந்த கால் இஞ்ச் உளி, ‘வி’ வாய் உளி. கூடவே ஒரு சின்னக் கத்தி, உளியைத் தட்ட ஒரு கொட்டாப்புளி (மரச்சுத்தி). தீட்டுவதில் கஞ்சத்தனம் வேண்டாம். சாணைக்கல்லில் எண்ணெய் விட்டுத் தீட்டி, பிசிர் போக ஒரு பழைய தோல் பெல்ட்டில் பின்பக்கமாக இழுங்கள். நாருக்குக் குறுக்கே ஒரு வெட்டு வெட்டிப் பாருங்கள். வெட்டின இடம் பளபளவென்று இருந்தால் சரி, வெளுத்துப்போய்ப் பஞ்சுபோல் இருந்தால் மறுபடி கல்லுக்குப் போங்கள். அரைமணிக்கு ஒருமுறை பெல்ட்டில் இழுப்பேன். கட்டை எப்போதும் வைஸில் இருக்க வேண்டும், இரண்டு கையும் உளி முனைக்குப் பின்னால் இருக்க வேண்டும். மடியில் வைத்துச் செதுக்குவது பழகின கைக்கும் ஆபத்துதான்.

கோடு போட்டு அறுப்பது

நார் மேலிருந்து கீழாக ஓடுகிற மாதிரி கட்டையை நிறுத்துங்கள். முன்பக்கமும் பக்கவாட்டிலும் நடுக்கோடு. சிற்பிகள் பிரம்மசூத்திரம் என்பார்கள். சாமிக்கு இது தூக்குநூல் மாதிரி நேராக நிற்கும். ஆள் முகத்தில் இங்கேயே முடிவெடுக்க வேண்டும்: தலை எந்தப் பக்கம் சாய்கிறது? அப்பத்தா சிரித்தால் தலை வலப்பக்கம் கொஞ்சம் சாயும், மோவாய் கொஞ்சம் நிமிரும். ஆகவே தலையின் நடுக்கோட்டைக் கழுத்தின் நடுக்கோட்டிலிருந்து சாய்த்துப் போட்டேன். ஒரு விரல் கனம்தான் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு இல்லாவிட்டால் எவ்வளவு நன்றாகச் செதுக்கினாலும் கல்யாண ஆல்பத்தில் விறைத்து நிற்கிற அப்பத்தாதான் கிடைத்திருப்பாள்.

உச்சியிலிருந்து மோவாய் வரை 5 இஞ்ச். கழுத்துக்கு ஒன்றரை, மீதி தோளும் மார்பும் அடிபீடமும். உச்சிக்கும் மோவாய்க்கும் சரிபாதியில் கண் வரும். கண்ணை மேலே தூக்கிப் போட்டு நெற்றியைக் குறுக்கிவிடுவது எல்லாரும் செய்கிற தப்பு. பல் போன முகத்தில் கீழ்ப்பங்கு குறைவதால் கண் பாதிக்கும் கொஞ்சம் கீழே இறங்கும். இரண்டு கண்ணுக்கு நடுவில் ஒரு கண் இடம். மூக்கு மடலின் அகலமும் ஏறக்குறைய அதே.

பக்கவாட்டுக் கோட்டை முதலில் அறுத்தெடுங்கள், அப்புறம் முன்கோடு. கைரம்பத்தால் குறுக்கே வரிசையாக அறுத்துவிட்டுப் பட்டை உளியால் தட்டினால் துண்டு துண்டாகப் பெயர்ந்து வரும். காதுக்குப் பக்கத்தில் தாராளமாக மரத்தை விட்டுவையுங்கள்.

மேடு பள்ளம்

வேலையே இந்த இடத்தில்தான் இருக்கிறது. நிதானமாகச் செய்யுங்கள்.

உளி எப்போதும் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போக வேண்டும். புருவமேட்டிலிருந்து உச்சியை நோக்கி, கன்னஎலும்பிலிருந்து மோவாயை நோக்கி, மோவாயிலிருந்து கழுத்தை நோக்கி. கண்குழி மாதிரி இரண்டு மேட்டுக்கு நடுவிலுள்ள பள்ளத்துக்கு மேலிருந்து பாதி, கீழிருந்து பாதி. எதிர்த்துப் போனால் நாருக்குள் உளி புகுந்து, நீங்கள் நினைக்காத துண்டு கையோடு வரும்.

முதல் வெட்டில் முகத்தை ஒரு படகின் முன்பக்கம் மாதிரி ஆக்குங்கள். நடுக்கோடு முன்னால் துருத்தி நிற்க, இரண்டு கன்னமும் காதை நோக்கிப் பின்வாங்க வேண்டும். புதிதாகச் செய்கிறவர்களின் முகம் தட்டையாகப் போவது இங்கேதான். மூக்கை மட்டும் தூக்கிவிட்டு மற்றதெல்லாம் பலகையாக விட்டுவிடுவார்கள். பழகுவதற்கு 2 இஞ்ச் சதுரச் சட்டம் ஒன்றை எடுத்து அதன் மூலையில் மூக்கு வருகிற மாதிரி சின்ன முகம் செதுக்கிப் பாருங்கள். மூலை தானாகவே கன்னத்தைப் பின்னால் தள்ளிவிடும். அப்படி ஐந்தாறு சட்டம் செய்தபின் பெரிய கட்டைக்குப் போகலாம்.

அடுத்து மூக்கின் அடி. இங்கே மூக்கு போய்விடும் அபாயம் உண்டு. மூக்கு முடிகிற கோட்டில் உளியை நாருக்குக் குறுக்கே நேராக நிறுத்தி மெல்லத் தட்டி ஒரு நிறுத்தக்கோடு போடுங்கள். அப்புறம் மேலுதட்டிலிருந்து அந்தக் கோட்டை நோக்கி மெல்லிய சீவலாக எடுங்கள். ஆழம் வேண்டுமென்றால் மறுபடி நிறுத்தக்கோடு, மறுபடி சீவல். அவசரத்தில் கீழிருந்து ஒரே தட்டாகத் தட்டினால் உளி ஆப்பு மாதிரி வேலை செய்து மூக்கு நுனியைப் பெயர்த்துவிடும். பெயர்ந்தால் துண்டைத் தேடி எடுத்து, தூசி படுவதற்குள் ஃபெவிகால் வைத்து இறுக்கிக் கட்டி ஒரு ராத்திரி விடுங்கள். நார் சேர்ந்துவிட்டால் ஒட்டு தெரியாது.

இப்போது கன்னம். முக்கால் இஞ்ச் உளியால் மூக்கு மடலிலிருந்து வாயோரத்தைச் சுற்றி இறங்குகிற பள்ளத்தை எடுங்கள். அதைக் கோடாகப் போடாமல், ஒரு பக்கம் கன்னம் உருண்டு வழிகிற மேடு, மறுபக்கம் உதடு உள்வாங்கின தரை என்று இரண்டு தளமாக நினைத்துச் செதுக்குங்கள். கன்னத்தின் உச்சி சாதாரண முகத்தில் இருப்பதைவிடக் கொஞ்சம் மேலே இருக்கட்டும். இடக்கன்னத்தை வலக்கன்னத்தைவிட ஒரு நூல், அதாவது அரைக்கால் இஞ்ச், உயர்த்தினேன், அப்பத்தாவுக்கு இடப்பக்க வாய்தான் முதலில் சிரிக்கும். செதுக்கச் செதுக்க நடுக்கோடு அழிந்துபோகும். ஒவ்வொரு முறையும் பென்சிலால் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள். கோடு இல்லாமல் ஒரு பக்கத்தையே நோண்டிக்கொண்டிருந்தால் முகம் கோணிவிடும். வேண்டி வைத்த வித்தியாசமும் கைதவறி வந்த கோணலும் அப்புறம் பிரிக்க முடியாமல் கலந்துவிடும்.

இந்தக் கட்டத்தில் வேலையை நிறுத்திவிட்டு ராத்திரி ஆகட்டும் என்று காத்திருங்கள். விளக்கையெல்லாம் அணைத்து, ஒரே ஒரு பல்பைப் பக்கவாட்டில் வைத்து, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். கண் கிடையாது, உதடு கிடையாது. ஆனாலும் சிரிக்கிறதா? சிரிக்கவில்லை என்றால் கன்னத்துக்கும் வாய்ப்பள்ளத்துக்கும் திரும்பப் போங்கள். நான் மூன்று ராத்திரி அப்படிப் பார்த்தேன். மூன்றாவது ராத்திரி என் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, “அப்பத்தா வந்துட்டாங்க” என்றாள். அதற்கு அப்புறம்தான் சின்ன உளியைக் கையில் எடுத்தேன்.

வாய்

உதட்டை வரைய வேண்டாம். வாயோரத்திலிருந்து தொடங்குங்கள். கால் இஞ்ச் குழி உளியை வாயோரத்தில் ஊன்றி, தட்டாமல், மணிக்கட்டைத் திருப்பினால் வெந்தயம் அளவுக்கு ஒரு துணுக்கு சுருண்டு விழும். அந்தக் குழியில் விழுகிற நிழல்தான் சிரிப்பைப் பிடித்து நிறுத்துகிறது. ஒரு துணுக்கு எடுங்கள், எட்டிப் போய்ப் பாருங்கள், இன்னொன்று எடுங்கள். இடப்பக்கம் எனக்கு ஐந்து துணுக்கு தேவைப்பட்டது, வலப்பக்கம் மூன்றிலேயே நின்றுவிட்டது. அப்புறம் இரண்டு குழியையும் சேர்த்து வாயைத் திறந்தேன். உள்ளே அரை இஞ்ச் ஆழம், அடியில் ஈறு தெரிகிற மாதிரி ஒரு சின்ன வரப்பு. மேலுதடு மெல்லிசாக இழுபட்டு ஈறோடு ஒட்டியிருக்க வேண்டும். கீழுதடு உள்ளே மடிந்திருப்பதால் அதற்கு ஓரம் கிடையாது, வழுவழுப்பாக மோவாய்க்குப் போய்விடும்.

கண்

முதலில் குழிக்குள் ஒரு உருண்டை. நெல்லிக்காயில் பாதியைப் பதித்த மாதிரி. இமை அந்த உருண்டையின் மேல் போர்த்தின தோல், ஆகவே உருண்டை சரியாக இல்லாமல் இமை சரியாக வராது. மேலிமை உருண்டையின் மேல் சற்று முன்தள்ளி நிற்கட்டும். கீழிமையைக் கன்னம் தள்ளுகிறது. அதன் விளிம்பு கீழ்நோக்கித் தொங்காமல், நேராகவோ கொஞ்சம் மேல்நோக்கி வளைந்தோ இருக்கட்டும். இரண்டுக்கும் நடுவில் விட்ட இடைவெளி ஒரு நூல். அவ்வளவு சிறுத்த கண்ணில் கருவிழி தோண்ட வேண்டாம், இமை நிழலே கருவிழி ஆகிவிடும். கோபமோ திகைப்போ காட்டுகிற அகலமான கண் என்றால் கருவிழியைக் குழித்து, மேலோரத்தில் கடுகளவு மரத்தை விட்டுவையுங்கள். வெளிச்சம் அதில் பட்டு, பார்க்கிற கண்ணாகிவிடும்.

கடைக்கண் சுருக்கம் மூன்று போதும். ‘வி’ உளியால், ஆழம் தொடக்கத்தில் அதிகமாகவும் போகப்போகக் கரைவதாகவும். நெற்றிச் சுருக்கத்தையும் அப்படித்தான், புருவத்தின் வளைவைத் தொடர்ந்து. எண்பது வயது என்பதற்காக முகம் முழுக்கக் கீறிவிட்டால் வயது தெரியும், ஆள் மறைந்துவிடுவார்.

காதும் தண்டட்டியும்

தொங்குகிற காதுச்சோணை நார் ஓடுகிற திசையிலேயே இருப்பதால் மெல்லிசாக எடுத்தாலும் தாங்கும். ஆனால் அதன் அடியில் வளைகிற இடத்தில் நார் குறுக்காகிவிடும், தொட்டால் ஒடியும். அதனால் தண்டட்டிக்கும் தோளுக்கும் நடுவில் சுண்டுவிரல் கனத்துக்கு மரத்தைப் பாலம் மாதிரி விட்டுவிட்டு, மற்ற வேலை எல்லாம் முடிந்தபின் கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவினேன். வலப்பக்கம் தலை சாய்ந்திருப்பதால் தண்டட்டி தோளிலேயே பட்டு நிற்கிறது, அங்கே பாலத்தை எடுக்க வேண்டிய தேவையே வரவில்லை. கழுத்தில் இரண்டு நரம்பு, காறைஎலும்புக் குழி, அள்ளி முடிந்த கொண்டை, மாராப்பு மடிப்பு நாலு. கொண்டையை மயிர் மயிராகப் பிரிக்காமல் திரளாக விட்டேன், பார்வை முகத்தை விட்டுப் போகக்கூடாது.

முடிப்பு

முகத்தில் உப்புத்தாள் போடாதீர்கள். கூரான உளி விட்டுப்போன சின்னச் சின்ன வெட்டுமுகங்களில் வெளிச்சம் துள்ளும், தேய்த்தால் செத்துப்போகும். பீடத்தை வேண்டுமானால் தேய்த்துக்கொள்ளுங்கள். ஆளிவிதை எண்ணெயை டர்பென்டைனில் பாதிக்குப் பாதி கலந்து, பிரஷ்ஷால் தடவி, கால் மணியில் மிஞ்சினதைத் துடைத்துவிடுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்று கை. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். ஆளி எண்ணெய்த் துணி குவியலாகக் கிடந்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப்போடுங்கள். எண்ணெய் நன்றாகக் காய்ந்தபின் தேன்மெழுகு.

வெயில் நேரடியாகப் படாத இடத்தில், கண் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே, பக்கவாட்டில் ஜன்னல் இருக்கிற மாதிரி வையுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை, பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும்போது, அப்பத்தாவுக்கு மெழுகு தேய்க்கிறேன். இடக்கன்ன மேட்டில் மட்டும் தேய்ப்பதில்லை. வருகிறவர்கள் தொட்டுத் தொட்டு அது தானாகவே மினுங்கிக்கொண்டிருக்கிறது.